நாற்றங்காலில் நிற்கும் பிட்ச்சர்கள்: வாசகர் கேள்விகள்

அமெரிக்க பேஸ்பாலில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) பால் ஸ்கீன்ஸ் 2024-இல் சிறந்த புதுமுகம் விருதையும், 2025-இல் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதையும் வாங்கியதிலிருந்து, ‘அவருக்குப் பின்னால் யார் வருகிறார்கள், அவர்களை எப்படிக் கவனிப்பது?’ என்ற கேள்வி நிறைய வருகிறது. மேஜர் லீக் அணிகள் இளம் வீரர்களை வளர்க்கும் கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீக் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

பைரேட்ஸின் இளம் பிட்ச்சர்கள் எங்கே ஆடுகிறார்கள்? பெயர்களே தலைசுற்றுகின்றன. – வாசகர், கோவை

கீழிருந்து மேலே ஏறுங்கள். முதலில் டொமினிக்கன் குடியரசில் கோடை லீக். அடுத்து, ஃப்ளோரிடாவின் பிரேடன்டன் நகரில் உள்ள பயிற்சி வளாகத்தின் ரூக்கி (புதுமுக) அணி. பிறகு முழுப் பருவமும் ஆடும் நான்கு அணிகள்: சிங்கிள்-ஏ நிலையில் பிரேடன்டன் மரோடர்ஸ், ஹை-ஏ நிலையில் கிரீன்ஸ்பரோ கிராஸ்ஹாப்பர்ஸ், டபுள்-ஏ நிலையில் அல்டூனா கர்வ், ட்ரிபிள்-ஏ நிலையில் இண்டியானாபொலிஸ் இண்டியன்ஸ். 2021-இல் மைனர் லீக்கை மாற்றியமைத்து மொத்தம் 120 அணிகளாகக் குறைத்த பிறகு, எல்லா மேஜர் லீக் அணிகளுக்கும் இந்த நான்கு படிகள்தான்.

பெரிய தாண்டல் டபுள்-ஏவில் இருக்கிறது. வெறும் வேகத்தால் கீழ்நிலை பேட்டர்களை ஏமாற்றிவிடலாம். அல்டூனாவில் எதிரே நிற்பவன் பக்கவாட்டில் விலகும் முதல் ஸ்லைடரை விட்டுவிட்டு, அடுத்த ஃபாஸ்ட்பாலுக்காகக் காத்திருப்பான்.

என் கணக்கில் ஒரு பையனுக்கு இ.ஆர்.ஏ. 2.10. ஆனால் எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை. ஏன்? – வாசகர், டொராண்டோ

இ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு (ஓர் இன்னிங்ஸ் மூன்று அவுட்) பிட்ச்சர் பொறுப்பில் விழும் சராசரி ரன்; குறைந்தால் நல்லது. முதலில் அவருடைய வயதையும் அவர் ஆடும் நிலையையும் பாருங்கள். 24 வயதில் சிங்கிள்-ஏவில் 2.10 என்பது, கல்லூரி மாணவன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி நூறு வாங்குவது மாதிரி. அதையே 20 வயதில் டபுள்-ஏவில் செய்தால் நாடே திரும்பிப் பார்க்கும்.

அடுத்து, இ.ஆர்.ஏ. என்ற எண்ணே குறைந்த இன்னிங்ஸில் நொண்டி எண். 30 இன்னிங்ஸில் 7 ரன் கொடுத்தவருக்கு 2.10. அடுத்த ஆட்டத்தில் ஒரே இன்னிங்ஸில் 6 ரன் கொடுத்தால் அது 3.77 ஆகிவிடும். நேற்றிருந்த பிட்ச்சர்தான் இன்றும், எண்தான் ஆடுகிறது. மேலும் மைனர் லீக்கில் ஃபீல்டிங் சுமார்தான். பக்கத்தில் நிற்பவன் எட்டாமல் விட்ட பந்தெல்லாம் பிட்ச்சர் கணக்கில் ஹிட் ஆகச் சேரும்.

அதற்குப் பதிலாக இதைப் போட்டுப் பாருங்கள். சந்தித்த பேட்டர்களில் எத்தனை சதவீதம் ஸ்ட்ரைக் அவுட் (சரியான இடத்தில் வந்த, அல்லது சுழற்றித் தவறவிட்ட பந்துகள், அதாவது மூன்று ஸ்ட்ரைக், சேர்ந்து அவுட்), எத்தனை சதவீதம் வாக் (நான்கு தப்பான பந்துகளால் இலவசமாக முதல் பேஸ்). முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். 120 பேட்டர்களைச் சந்தித்து 34 ஸ்ட்ரைக் அவுட், 11 வாக் என்றால், 28.3-இலிருந்து 9.2 போக 19.1. டபுள்-ஏவில் இது 20-ஐத் தொட்டால் நல்ல பிட்ச்சர். 25-ஐத் தாண்டினால் அவரை விடாதீர்கள். ஸ்ட்ரைக் அவுட் விகிதம் 70 பேட்டர்களுக்குள்ளேயே ஓரளவு நிலைபெற்றுவிடும். வாக் விகிதத்துக்கு 170 பேராவது வேண்டும். ஆகவே ஏப்ரல் மாத வாக் கணக்கைப் பார்த்து யாரையும் கைகழுவ வேண்டாம். ஜூலையிலும் 12 சதவீதத்துக்கு மேலே நின்றால் கவலைப்படலாம்.

மைதானத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும். பைரேட்ஸ் வரிசையில் கிரீன்ஸ்பரோ, ஹோம் ரன் (சிக்ஸர் போல வேலி தாண்டும் அடி) எளிதாகப் பறக்கும் இடம். அங்கே ஹோம் ரன் கொடுத்ததற்காக ஒருவரைத் தாழ்த்துவது நியாயமில்லை. வெளியூர் ஆட்டங்களின் கணக்கைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அதுபோலவே, ட்ரிபிள்-ஏவின் பசிபிக் கோஸ்ட் லீக்கில் ஆல்புகர்க்கி போல 5,000 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஊர்களில் கர்வ்பாலே சரியாக வளையாது. வேறு அணிப் பிட்ச்சரோடு ஒப்பிடும்போது இது நினைவிருக்கட்டும்.

27.1 இன்னிங்ஸ் என்றால் என்ன? – வாசகி, திருநெல்வேலி

27 இன்னிங்ஸும் ஓர் அவுட்டும். புள்ளிக்குப் பின்னால் வருவது அவுட் எண்ணிக்கை, 19.3 ஓவர் என்கிறோமே, அதே வழக்கம்தான். கால்குலேட்டரில் 27.1 என்று அப்படியே அடித்தால் விடை தவறும்; 27.33 என்று அடிக்க வேண்டும்.

சென்னையில் இருந்துகொண்டு ஒரு பருவம் முழுவதும் தொடர முடியுமா? தினமும் எவ்வளவு நேரம் ஆகும்? – வாசகர், சென்னை

வாரம் ஒரு மணி நேரம் போதும், அட்டவணையைப் புரிந்துகொண்டால். 2021 முதல் மைனர் லீக்கில் ஓர் அணி செவ்வாய் தொடங்கி ஞாயிறு வரை ஒரே எதிரணியுடன் ஆறு ஆட்டங்கள் ஆடும். திங்கள் பெரும்பாலும் ஓய்வு. அதனால் பல அணிகள் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர்களாக ஆறு ஸ்டார்ட்டர்களைச் சுழற்றுகின்றன. செவ்வாய் வீசியவர் அடுத்த செவ்வாய் வீசுவார். உங்கள் ஆள் எந்தக் கிழமைக்காரர் என்று குறித்துவைத்தால் வேலை பாதி முடிந்தது.

கோடையில் அமெரிக்கக் கிழக்குப் பகுதி நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்தங்கி இருக்கும். அங்கே மாலை 6:30 ஆட்டம் நமக்கு மறுநாள் விடியற்காலை 4 மணி. ஞாயிற்றுக்கிழமை பகல் 1 மணி ஆட்டம் நமக்கு இரவு 10:30; தூக்கத்தைக் கெடுக்காமல் பார்க்கக் கிடைப்பது அந்த ஒன்றுதான். மற்ற நாட்களில் காலைக் காப்பியோடு, ஆட்டத்தின் எண் அட்டவணையான பாக்ஸ் ஸ்கோரைத் திறங்கள்.

ஒரு நோட்டில் ஆட்டத்துக்கு ஒரு வரி: தேதி, நிலை, இன்னிங்ஸ், வீசிய பந்துகள், அதில் ஸ்ட்ரைக், பேட்டர் சுழற்றித் தவறவிட்டவை, ஸ்ட்ரைக் அவுட், வாக், ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம், கடைசி இன்னிங்ஸில் அதே வேகம். ஸ்ட்ரைக் 100-க்கு 64, 65 என்றால் நல்லது. 60-க்குக் கீழே போனால், ரன் கொடுக்காத ஆட்டமாக இருந்தாலும் வட்டமிடுங்கள். சுழற்றித் தவறுவது 100 பந்துக்கு 11 அளவில் சாதாரணம். 14, 15 என்றால் அந்தப் பந்துகளில் ஏதோ இருக்கிறது. வெற்றி தோல்விக் கணக்கை எழுதவே வேண்டாம். இளம் பிட்ச்சரை நான்கு இன்னிங்ஸிலேயே வெளியே எடுத்துவிடுகிறார்கள். ஸ்டார்ட்டருக்கு வெற்றி எழுத ஐந்து இன்னிங்ஸ் வேண்டும்.

வேகம், சுழற்சி எல்லாம் எங்கே கிடைக்கும்? சிலருக்குக் கிடைக்கிறது, சிலருக்கு இல்லையே? – வாசகர், சிங்கப்பூர்

மேஜர் லீக்கின் பேஸ்பால் சாவன்ட் தளத்தில் ட்ரிபிள்-ஏ ஆட்டங்களுக்கும், சிங்கிள்-ஏவின் ஃப்ளோரிடா ஸ்டேட் லீக் ஆட்டங்களுக்கும் பந்துக்குப் பந்து விவரம் உண்டு. பைரேட்ஸ் ரசிகர்களுக்கு இது அதிர்ஷ்டம்: பிரேடன்டனும் இண்டியானாபொலிஸும் வெளிச்சத்தில் இருக்கின்றன. நடுவில் கிரீன்ஸ்பரோவும் அல்டூனாவும் இருட்டு. அங்கேயும் அளக்கிறார்கள், அணிகள் வெளியே விடுவதில்லை. எனவே ஒருவர் பிரேடன்டனை விட்டுக் கிளம்பும்போது அவர் எண்களை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். இண்டியானாபொலிஸ் வந்ததும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஃபாஸ்ட்பாலில் வேகம் மட்டும் போதாது. மேஜர் லீக்கின் சராசரியே மணிக்கு 94 மைல் அளவில் இருக்கிறது. பந்து எவ்வளவு ‘விழாமல்’ வருகிறது என்பதைச் செங்குத்து அசைவு என்று அங்குலத்தில் தருவார்கள். 16 சாதாரணம். 18-க்கு மேல் போனால், மேலே வரும் பந்துக்குக் கீழேயே மட்டை போகும். 97 மைல் வேகமும் 13 அங்குலமும் உள்ள பந்து அடி வாங்குவதும், 93 மைலில் 19 அங்குலம் உள்ளவர் ஸ்ட்ரைக் அவுட் குவிப்பதும் இதனால்தான்.

டிவியில் தெரியும் மைதான வேகமானியை நம்பாதீர்கள். சில ஊர்களில் இரண்டு மைல் கூட்டிக் காட்டும். ‘100 தொட்டான்’ என்ற செய்தியையும் அப்படியே விழுங்க வேண்டாம். அது உச்சம். ஐந்தாவது இன்னிங்ஸில் சராசரி என்ன என்று பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை பந்தைப் பற்றியது. ட்ரிபிள்-ஏவில் 2019 முதல் மேஜர் லீக் பந்து. அதற்குக் கீழே வேறு பந்து. தையலும் பிடியும் மாறுவதால், மேலே ஏறிய முதல் சில வாரங்களில் கர்வ்பால் கைக்கு அடங்காமல் போவது வழக்கம். டபுள்-ஏவின் சதர்ன் லீக்கில் 2023 பருவத்தின் முதல் பாதியில் பிசுபிசுப்பான பந்தை வைத்துச் சோதனை நடத்தினார்கள். அந்த மாதங்களின் ஸ்ட்ரைக் அவுட் கணக்கை கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுக்க வேண்டும்.

புதிய பிட்ச் கற்றுக்கொண்டால் அவ்வளவு வித்தியாசமா? – வாசகர், மதுரை

மைனர் லீக்கில் கவனிக்க இதைவிட நல்ல அறிகுறி கிடையாது. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஸ்கீன்ஸ் ஃபாஸ்ட்பாலும் ஸ்லைடரும் வைத்தே ஆண்டார். 2024-இல் மேஜர் லீக்குக்கு வந்தபோது கீழிறங்கும் இரு வகைப் பந்துகளான சிங்கருக்கும் ஸ்ப்ளிட்டருக்கும் நடுவே ஒரு பந்து கையில் இருந்தது. 94 மைல் வேகத்தில் வந்து கடைசியில் கீழே குத்தும். ‘ஸ்ப்ளிங்கர்’ என்று அதற்கொரு பெயரே வந்துவிட்டது. மூன்றாவது பந்து இல்லாதவர், எதிர்க்கை பேட்டர்களிடம் இரண்டாம் முறை வரிசை சுற்றும்போது மாட்டிக்கொள்வார். பிறகு ஆட்டத்தின் நடுவில் வந்து கொஞ்சம் வீசும் ரிலீவராகத்தான் ஆவார். அதுவும் பிழைப்புதான், ஆனால் முதல் பக்கச் செய்தி ஆகாது.

நான் கவனித்து வந்த பிட்ச்சர் திடீரென்று அட்டவணையிலிருந்தே காணாமல் போய்விட்டார். எங்கே தேடுவது? – வாசகி, மஸ்கட்

அணியின் வீரர் நடமாட்டப் பக்கத்தைப் பாருங்கள். 7 நாள் காயப் பட்டியல் என்றால் கொப்புளமாகவும் இருக்கலாம், தோள்பட்டையாகவும் இருக்கலாம். இரண்டு வாரம் பொறுங்கள். 60 நாள் பட்டியல் என்றால் விஷயம் பெரிது. ‘டெவலப்மென்ட் லிஸ்ட்’ என்று போட்டிருந்தால் பலரும் பதறுகிறார்கள். அது காயம் அல்ல. ஆட்டத்திலிருந்து எடுத்து, அணியோடே வைத்து, வீச்சைச் சரிசெய்கிறார்கள், அல்லது இன்னிங்ஸை மிச்சம் பிடிக்கிறார்கள்.

கீழ்நிலை பாக்ஸ் ஸ்கோரில் திடீரென்று பிரபலமான பெயர் தெரிந்தால், அவர் காயத்திலிருந்து திரும்புகிறார். பிட்ச்சருக்கு அப்படி 30 நாள் வரை அனுமதி உண்டு. அன்று உங்கள் பையன் மூன்றாவது இன்னிங்ஸில் வந்து வீசினால் தண்டனை என்று நினைக்காதீர்கள்.

கிரிக்கெட்டில் 160 கி.மீ. அபூர்வம். இங்கே 19 வயதுப் பையன்கள் சாதாரணமாக வீசுகிறார்கள். முழங்கை ஏன் இப்படிப் போகிறது? – வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் கேள்வியின் முதல் பாதியிலேயே பதில் இருக்கிறது. கிரிக்கெட்டில் கையை 15 டிகிரிக்கு மேல் மடக்கி நிமிர்த்தினால் அது எறி. பேஸ்பாலில் எறிவதுதான் வேலை. ஓடிவந்து வேகம் சேர்க்க வழியில்லை; 10 அங்குல மேட்டில் நின்ற இடத்திலிருந்து இடுப்பையும் தோளையும் திருப்பி, மடங்கிய கையைச் சவுக்குப் போல நிமிர்த்த வேண்டும். பந்தும் கிரிக்கெட் பந்தைவிட லேசு, 142 முதல் 149 கிராம். அந்தச் சவுக்கின் இழுவை முழுவதையும் முழங்கையின் உட்புறத் தசைநார் தாங்குகிறது.

அது கிழிந்தால் செய்யும் அறுவை சிகிச்சையை மருத்துவர் ஃபிராங்க் ஜோப் 1974-இல் முதன்முதலாகச் செய்தார். நோயாளி டாட்ஜர்ஸ் பிட்ச்சர் டாமி ஜான், அவர் பெயரே சிகிச்சைக்கு நிலைத்துவிட்டது. உடலில் வேறிடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து முழங்கையில் பின்னுவார்கள். திரும்பிவர 12 முதல் 18 மாதம்.

முன்கூட்டியே தெரியுமா என்றால், ஓரளவு தெரியும். சராசரி வேகம் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் இரண்டு மைல் இறங்குவது, ஸ்லைடரைத் திடீரென்று வீசாமல் விடுவது, பந்து வலக்கைக்காரருக்கு வலப்பக்கம் மேலே விலகிப் போவது, ‘முன்கை இறுக்கம்’ என்ற இரண்டு சொல் அறிக்கை. கடைசியாகச் சொன்னது அனேகமாகக் கெட்ட செய்தியின் முன்னோட்டம்.

பைரேட்ஸிலேயே பாருங்கள். ஜாரெட் ஜோன்ஸ் 2024 மார்ச்சில் மயாமியில் அறிமுக ஆட்டத்திலேயே 10 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். 2025 மே மாதம் முழங்கை அறுவை சிகிச்சை. பிராக்ஸ்டன் ஆஷ்கிராஃப்ட், அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் 2018-இல் எடுக்கப்பட்டு, நடுவில் டாமி ஜான் சிகிச்சையும் தாண்டி, 2025-இல்தான் மேஜர் லீக் மேட்டில் ஏறினார். ஏழு வருடம்!

ஸ்கீன்ஸை ஏன் 2024 தொடக்கத்திலேயே ஏற்றவில்லை? – வாசகர், எடிசன்

பாதி உடம்புக்காக, பாதி கணக்குக்காக. 2023 ஜூலை டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டு, 9.2 மில்லியன் டாலர் கையெழுத்துப் பணம் வாங்கியவர். மறு ஆண்டு இண்டியானாபொலிஸில் ஏழு ஆட்டங்களில் 27.1 இன்னிங்ஸ்தான் வீசவிட்டார்கள். அதாவது ஆட்டத்துக்கு நான்குகூட இல்லை. இ.ஆர்.ஏ. 0.99, ஸ்ட்ரைக் அவுட் 45. முந்தைய ஆண்டையும் சேர்த்து மைனர் லீக்கில் மொத்தம் 34 இன்னிங்ஸ். மே 11-இல் மேஜர் லீக்.

கணக்கு இதுதான்: மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஒரு பணி ஆண்டு; ஆறு ஆண்டு ஆனால் வீரர் சுதந்திரப் பறவை, எந்த அணிக்கும் போகலாம். மே 11-இல் வந்தவருக்கு அந்த வருடம் நிறையாது, அணிக்கு ஒரு வருடம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் 2022 ஒப்பந்தப்படி, சிறந்த புதுமுகம் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால் முழு ஆண்டு கொடுத்துவிட வேண்டும். ஸ்கீன்ஸ் முதலிடமே வந்தார். பைரேட்ஸுக்கு மிச்சம் பிடித்த வருடம் போயிற்று!

இன்னொரு தேதி நவம்பர் நடுவில் வரும். 18 வயதிலோ அதற்கு முன்போ சேர்ந்தவரை ஐந்தாம் பருவத்தின் முடிவிலும், 19 வயதிலோ அதற்குப் பின்போ சேர்ந்தவரை நான்காம் பருவத்தின் முடிவிலும் மேஜர் லீக் அணியின் 40 பேர் பட்டியலில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ரூல் ஃபைவ் தேர்வில் வேறு அணி 1 லட்சம் டாலர் கட்டித் தூக்கிக்கொள்ளும். தூக்கிய அணி அடுத்த பருவம் முழுக்க அவரை மேஜர் லீக்கில் ஆடும் 26 பேரில் வைத்திருக்க வேண்டும் என்பதால், அனேகமாகத் தயாரான ரிலீவர்களைத்தான் எடுப்பார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு பிட்ச்சர் ஏன் அவசரமாக ஏற்றப்படுகிறார் என்று குழம்பினால், அவர் சேர்ந்த வருடத்தை எண்ணிப் பாருங்கள்.

பபா சாண்ட்லர் மூன்றாவது சுற்றில்தானே எடுக்கப்பட்டார்? அப்புறம் ஏன் இவ்வளவு பேச்சு? – வாசகர், ஈரோடு

சுற்றைப் பார்க்காதீர்கள், காசோலையைப் பாருங்கள். 2021-இல் பைரேட்ஸ் முதல் இடத்தில் கேட்சர் ஹென்றி டேவிஸை அந்த இடத்துக்குரிய தொகையைவிடக் குறைவாகப் பேசி எடுத்தது. மிச்சமான பணத்தைப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்தது. கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடப் போகவிருந்த சாண்ட்லருக்கு 3 மில்லியன் டாலர். மூன்றாவது சுற்று ஆளுக்கு அது மூன்று மடங்குக்கும் மேல். 2025 ஆகஸ்ட் 22-இல் கொலராடோவுக்கு எதிராக வந்து நான்கு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசி, அறிமுக ஆட்டத்திலேயே சேவ் (முன்னிலையைக் கடைசிவரை காத்ததற்கான கணக்கு) எடுத்தார்.

பிட்ஸ்பர்கில் இருக்கிறோம். நேரில் பார்க்க அல்டூனா போகலாமா? – வாசகி, மன்ரோவில்

போங்கள், நூறு மைலுக்குள்தான். வலப்பக்க வேலிக்கு அப்பால் ரோலர் கோஸ்டர் தெரியும். குழந்தைகளுக்கும் பொழுது போகும். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், வலைக்கு உள்ளே, சற்று உயரமான வரிசையில் இடம் வாங்குங்கள். ஆட்டத்துக்கு 40 நிமிடம் முன்பே போனால் ஸ்டார்ட்டர் சூடேற்றிக்கொள்வதைப் பார்க்கலாம்.

பந்தைவிட்டு கேட்சரின் கையுறையைப் பாருங்கள். காட்டிய இடத்திலேயே நிற்கிறதா, ஓடுகிறதா? கட்டுப்பாடு அதிலேயே தெரிந்துவிடும். அடுத்து, வேகப்பந்து போலத் தோன்றி மெதுவாக வரும் சேஞ்சப் வீசும்போது கை வேகம் குறைகிறதா? உங்களுக்கே தெரிந்தால் பேட்டருக்கும் தெரியும். ஆள் பேஸில் இருக்கும்போது கைப்பேசியின் ஸ்டாப்வாட்சைப் பயன்படுத்துங்கள்: பிட்ச்சர் அசைய ஆரம்பித்ததிலிருந்து பந்து கையுறைக்குள் விழும் வரை 1.3 விநாடி நல்லது, 1.5 ஆனால் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவார்கள்.

பைரேட்ஸ் கைவிட்ட குவின் பிரீஸ்டர் 2025-இல் மில்வாக்கியில் கலக்கினாரே? – வாசகர், சேலம்

2019-இல் முதல் சுற்றில் 18-ஆவது ஆளாக எடுத்தவர். 2024 ஜூலையில் பாஸ்டனுக்கு மாற்றினார்கள். 2025 ஏப்ரலில் பாஸ்டன் மில்வாக்கிக்கு அனுப்பியது. அங்கே சிங்கரையும், கடைசியில் சற்றே விலகும் கட்டரையும் முன்னுக்குக் கொண்டுவந்து 13 வெற்றி, 3 தோல்வி. வெற்றிக் கணக்கை எழுத வேண்டாம் என்று மேலே சொன்னதை மீறுகிறோம். பிட்ஸ்பர்க் ரசிகர்களுக்கு வலித்தது அந்த எண்தான். பரிமாற்றத்தில் போனவர்களை நோட்டிலிருந்து இரண்டு வருடம் அடிக்காதீர்கள்.

இந்தியப் பெயர் யாராவது உண்டா? – வாசகர், தஞ்சாவூர்

இருவர். உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிபவர்களான ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் ஒரு தொலைக்காட்சித் தேர்வுக்குப் பின் 2008-இல் ஒப்பந்தம் செய்தது இதே பைரேட்ஸ்தான். இடக்கைக்காரரான ரிங்கு சிங்கிள்-ஏ வரை ஏறினார். பிறகு கை ஒத்துழைக்கவில்லை, மல்யுத்தத்துக்குப் போனார். 20 வயதில் பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு அந்த உயரம் தொட்டதே பெரிது.

டெக்சஸ் ரேஞ்சர்ஸின் குமார் ராக்கருக்குத் தாய்வழியில் இந்திய வேர். 2021-இல் மெட்ஸ் பத்தாவது ஆளாக எடுத்து, மருத்துவச் சோதனைக்குப் பின் ஒப்பந்தம் செய்யாமல் விட்டது. 2022-இல் டெக்சஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது. 2023-இல் டாமி ஜான் சிகிச்சை, 2024 செப்டம்பரில் மேஜர் லீக். இவரை ‘முடிந்தார்’ என்று இரண்டு முறை எழுதியாயிற்று.

அப்படியானால் எத்தனை பேரைக் கவனிக்க வேண்டும்? – வாசகர், கொழும்பு

பத்து பேர். ‘பிட்ச்சிங் பிராஸ்பெக்ட் (நம்பிக்கைக்குரிய இளம் பிட்ச்சர்) என்று ஒன்று கிடையவே கிடையாது’ என்று அமெரிக்காவில் பழைய கிண்டல் உண்டு. அத்தனை பேர் காயத்தில் போகிறார்கள். மேல் இரண்டு நிலைகளில் நான்கு பேர், நடுவில் மூன்று, கீழே மூன்று என்று வையுங்கள். கீழே உள்ள மூவரில் 2025-இல் பைரேட்ஸ் ஆறாவது ஆளாக எடுத்த கலிஃபோர்னியா பள்ளி மாணவர் சேத் ஹெர்னாண்டஸ் கட்டாயம் இருக்கட்டும். மாதக் கடைசியில் ஒருவரை எடுத்துவிட்டு ஒருவரைச் சேர்க்கலாம். ஒரு மோசமான ஆட்டத்துக்காக நடுவில் மாற்றாதீர்கள். பென்சிலால் எழுதுங்கள்.